முன் இடது மணல் பெட்டி

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமா? காது எப்படி இருக்கிறது? போன மாதம் போனில் "சாப்டீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் "செவ்வாய்க்கிழமை" என்று பதில் சொன்னீர்கள். முப்பத்தைந்து வருஷம் டீசல் ஷெட்டில் எஞ்சின்களுக்கு நடுவில் ஃபிட்டராக இருப்பவருக்குக் காது எங்கே மிஞ்சும்? இனி உங்களோடு பேச்சென்றால் தபால்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு உதவி வேண்டும். என் வேலை உங்களுக்குத் தெரியும். கணினியில் ரயில் ஓட்டி விளையாடுகிறவர்களுக்கு எஞ்சின் செய்து கொடுக்கிறேன். "பெரிய ஆம்பளைங்க பொம்மை ரயில் ஓட்டுறானுங்களா?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்தப் பெரிய ஆம்பளைகள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். இந்த முறை உங்கள் ஷெட் கூட்ஸ் எஞ்சின்களைச் செய்கிறோம். முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை, மொத்தம் இருபத்திரண்டு.

பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒன்றுக்கொன்று எங்கேயாவது வித்தியாசம் இருக்கும். வாங்குகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். போன தடவை ஒரு எஞ்சினில் ஹாரனை இடது பக்கம் வைத்துவிட்டேன். அது வலது பக்கம் இருக்க வேண்டுமாம். ஒருவர் மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதினார். அதனால் ஒவ்வொரு எஞ்சினாகச் சுற்றி வந்து ஹாரன், கிரில், கைப்பிடிக் கம்பி, விளக்கு, படி, மணல் பெட்டி மூடி, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

நாற்பத்தேழும் பட்டியலில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு அதுதான் எல்லாருக்கும் தெரிந்த எஞ்சின், அதை விடக்கூடாது என்கிறார் முதலாளி. அதை ஓட்டியது என் அக்கா வீட்டுக்காரர் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஜூன் மழையில் அந்தச் சரிவில் சக்கரம் வழுக்கி, சிவப்பு சிக்னலைத் தாண்டி, நின்றிருந்த கூட்ஸில் போய் மோதியதும், துணை டிரைவர் செத்ததும், அந்த எஞ்சினைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது ஞாபகம் வந்து கை கூசுகிறது. சக்கரம் பிடிக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள் என்பதே அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பெடலை மிதிச்சேன், இடது பக்கம் மணல் விழவே இல்ல" என்று இன்னும் சொல்கிறாரா? வழக்கு எப்போது? அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி


ஜனவரி 27

சின்னவனுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நாங்கள் நலம். முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. காதைப் பற்றிக் கேட்டாய். அது கெட்டதில் ஒரு லாபம், அண்ணி திட்டுவது பாதிதான் கேட்கிறது.

நீ கேட்டதைப் பார்த்து முதலில் சிரித்தேன். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. எங்கள் ஃபோர்மேனைக் கடிகாரம் என்போம். மனுஷனுக்கு மணி பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அவன் வந்து, "என்னய்யா, எஞ்சினுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றான். "ஆமா, தம்பி துணி எடுத்து வெச்சிருக்கான்" என்றேன்.

முழு விவரம் தனித் தாளில், படம் போட்டு வைத்திருக்கிறேன். முக்கியமானதை மட்டும் இங்கே சொல்கிறேன். முப்பத்தொன்றுக்கு மணல் பெட்டி மூடி மூன்று வட்டம், முன் இடது மட்டும் சதுரம். முப்பத்தெட்டுக்கு மூக்கில் ஒட்டுப் போட்டிருக்கிறது, ஒட்டின் ஓரம் ஓர் அங்குலம் தூக்கி நிற்கும், அதைத் தட்டையாக வரைந்துவிடாதே. நாற்பத்திரண்டுக்குக் கைப்பிடிக் கம்பி வளைந்தது, எவனோ கிரேன் கொக்கியை இடித்துவிட்டான். நாற்பத்தாறுக்கு இரண்டு ஹாரனும் கேபின் மேலே. நாற்பத்தெட்டுக்கு ஒன்று மேலே, ஒன்று மூக்கில். ஐம்பத்திரண்டுக்குக் கிரில் பட்டை பதினேழு, மற்றதற்கெல்லாம் பதினாறு. அந்தப் பதினேழாவதை எண்ணுகிறவன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இப்போது சந்தோஷமாக இருக்கிறது. இத்தனை வருஷம் இதுகளை முகம் முகமாக அடையாளம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று இருந்தேன்.

தங்கச்சி நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறார். வழக்கு வரும்போது வரும்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அண்ணிக்குத் தனியாக உத்தரவு போட்டிருக்கிறேன்.

உங்கள் தாள்களை ஆபீஸில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "இவரை இங்கயே வேலைக்குக் கூட்டிட்டு வந்துடு" என்றார் முதலாளி. முப்பத்தெட்டின் ஒட்டை நீங்கள் சொன்னபடியே ஓர் அங்குலம் தூக்கிவிட்டேன்.

ஆனால் ஒன்று. இருபத்தொரு எஞ்சின்தான் வந்திருக்கிறது. நாற்பத்தாறுக்குப் பிறகு நேராக நாற்பத்தெட்டுக்குத் தாவிவிட்டீர்கள். வயசாகிவிட்டது போங்கள்.

நாற்பத்தேழில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. மேம்பாலத்தில் நின்று ரயிலைப் படம் பிடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் ஒருவர் ஜூன் பதினொன்றாம் தேதி, அதாவது விபத்துக்கு மூன்று நாள் முன்பு, இதை எடுத்திருக்கிறார். நாலு மணல் பெட்டிக்கும் சதுர மூடி. விசாரணை அறிக்கையில் ஜூன் பதினைந்தாம் தேதி ஷெட்டில் எடுத்த படம் இருக்கிறது. அதில் முன் இடதுக்கு மட்டும் வட்ட மூடி. இரண்டு படத்தையும் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எது சரி? நடுவில் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் தேதி சொல்லுங்கள். விபத்துக்கு முன், பின் என்று இரண்டு மாடலாகவே போட்டுவிடலாம், முதலாளி குதிப்பார்.

பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

தம்பி


மார்ச் 19

சின்னவனுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நாற்பத்தேழுக்கு முன் இடது எப்போதுமே வட்டம்தான். மேம்பாலத்தில் நின்று எடுக்கிறவனுக்கு நம்பர் சரியாகத் தெரிந்திருக்காது. அது வேறு எஞ்சினாக இருக்கும்.

என்னைக் கேட்டால் நாற்பத்தேழை விட்டுவிடு. ஆள் செத்த எஞ்சின். விளையாட்டில் எதற்கு?

அண்ணிக்குச் சளி. இப்போது பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்குச் சளி குறைந்ததா? நீங்கள் ஒன்றுமே எழுதாமல் ஆறு வாரம் இருந்ததில் எனக்குத்தான் என்னென்னவோ தோன்றிவிட்டது.

கோபப்படாமல் படியுங்கள். அந்தப் படத்தில் நம்பர் தெளிவாகவே இருக்கிறது. நம்பருக்குக் கீழே வண்ணம் உரிந்த இடமும் அதேதான். அது போதாதென்று மூன்று வருஷத்துப் படங்களைத் தேடி எடுத்தேன். நாற்பத்தேழுக்கு எல்லாவற்றிலும் நாலும் சதுரம். முப்பத்தொன்றுக்கு நாலும் வட்டம். ஆனால் நீங்கள் ஜனவரியில் போய்ப் பார்த்து எழுதியபடி, இப்போது முப்பத்தொன்றுக்கு முன் இடது சதுரம். அதாவது இதன் பெட்டி அதற்கும், அதன் பெட்டி இதற்கும் போயிருக்கிறது. மூடி பெட்டியோடு சேர்த்து அடித்தது, தனியாகக் கழற்ற முடியாது என்று உங்கள் தாளிலேயே படம் போட்டிருக்கிறீர்கள்.

ஜூன் பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இது நடந்திருக்கிறது. விசாரணைக்கு வந்தவர்கள் பதினைந்தாம் தேதி சோதித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் மணல் நன்றாக விழுகிறது, டிரைவர் சொல்வது பொய் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அத்தான் சொன்னதும் இதே முன் இடது பெட்டியைத்தான்.

உங்களுக்குத் தெரியாமல் யாராவது செய்திருக்கலாம். ஷெட்டில் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது தினம் நடப்பதுதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள், அண்ணா. இது இனிமேல் விளையாட்டு விஷயம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. அண்ணியிடம் போனில் கேட்டேன். "வேலைக்குப் போறார், வர்றார், பேச்சே இல்ல" என்றார்.

விபத்து நடந்த அன்று மாலை, அந்த இடத்திலேயே எடுத்த பத்திரிகைப் படம் ஒன்று கிடைத்துவிட்டது. கடைசி வேகன் எகிறிக் கேபின் மேல் ஏறிக் கிடக்கிறது. எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் இடது மணல் பெட்டி தெரிகிறது. மூடி சதுரம். பதினான்காம் தேதி மாலை சதுரம். மறுநாள் விசாரணைக்காரர்கள் வந்தபோது வட்டம். ஷெட்டுக்குள் வந்த பிறகுதான் மாறியிருக்கிறது.

நேற்று அக்காவோடு பேசினேன். மே இருபத்தெட்டு வழக்காம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறாராம். அத்தான் முதலில் மாட்டேன் என்றாராம். இப்போது சரி என்கிறாராம். "மணல் விழலன்னு நான் ஒருத்தன்தானே சொல்றேன், எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாராம். மகளைப் பள்ளிக்கூடத்தில் ஆளைக் கொன்றவன் பெண் என்கிறார்களாம். அவள் பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு நடந்தே போய் வருகிறாள். அக்கா போனில் அழுதாள். நான் தைரியமாக இரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நேராகவே கேட்கிறேன். பெட்டியை மாற்றியது யார்?

நீங்கள் பதில் எழுதும்வரை படங்களை யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

தம்பி


மே 4

சின்னவனுக்கு,

நான்தான்.

இதை எழுதவே ஐந்து நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன், இனி மற்றதையும் எழுதலாம்.

ஷெட்டில் மணலைக் காய வைக்கிற டிரையர் அப்போது கெட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மழை விடவில்லை. பதின்மூன்றாம் தேதி நாற்பத்தேழு கிளம்ப வேண்டும். காய்ந்த மணல் வலது பெட்டிக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. இடதுக்கு ஈர மணலைப் போட்டேன். ஈர மணல் குழாய் வாயில் கட்டிக்கொள்ளும், எனக்குத் தெரியாதா? கடிகாரத்திடம் சொன்னேன். "லோடு காத்துட்டு இருக்கு, மணி ஆகுது, கையெழுத்துப் போடுய்யா, திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்" என்றான். உலர்ந்த மணல் நிரப்பப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படிப் போட்டது அது முதல் தடவை இல்லை. யாரை வேண்டுமானாலும் கேள், எந்த ஷெட்டிலும் போடுவார்கள். திரும்பி வந்ததும் சரி செய்வார்கள். எல்லாம் திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் போனபோது, இரவோடு இரவாக இழுத்து வந்த நாற்பத்தேழு ஷெட்டில் நின்றிருந்தது. பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். இடது பெட்டியைத் திறந்தேன். மணல் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. உளியால் உடைத்து எடுக்க அரை நாள் ஆகும். கடிகாரம் பக்கத்தில் வந்து நின்றான். "நீயும் போவ, நானும் போவேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பக்கத்துத் தடத்தில் முப்பத்தொன்று நின்றது. பெட்டிக்கு ஆறு போல்ட். நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மூடி வட்டமா சதுரமா என்று அந்த நேரத்தில் எவன் பார்த்தான்?

ஓட்டியது மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். துணை டிரைவர் அப்போது உயிரோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொள்வார், மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் சஸ்பெண்டு, அதோடு போகும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் அவர் செத்துப்போனார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பேன், சொல்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றவன் நான், தண்ணீர் குடிக்கிறவர் மாப்பிள்ளை. தங்கச்சி மாதம் இரண்டு தடவை வந்து என்னைத்தான் கேட்கிறாள். "நீ ஷெட்டுலயே இருக்கியே அண்ணா, மணல் விழாம போறதுக்கு வாய்ப்பே இல்லையா?" வாய்ப்பே இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

முப்பத்தொன்றை உனக்கு ஏன் சரியாக எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நாலும் வட்டம் என்று எழுதியிருக்கலாம். எழுதவும் பேனாவை எடுத்தேன். அன்றைக்கு எஞ்சினைப் பற்றித் தப்பாக எழுதக் கை வரவில்லை, மார்ச்சில் நாற்பத்தேழுக்குத்தான் வந்தது. மனுஷனைப் பற்றி அதற்கும் முன்பே வந்துவிட்டது.

இருபத்தெட்டுக்குள் வக்கீலிடம் போய் நானே சொல்லிவிடுகிறேன். நீ எதுவும் செய்யாதே. என் வாயால் சொன்னேன் என்று இருக்கட்டும். எனக்கு அதையாவது விட்டுக்கொடு.

அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முதல் நாள் கோபம் வந்தது. கடிகாரத்தின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டாம் நாள் அந்தக் கோபம் உங்கள் மேல் வந்தது. இன்றைக்குப் பயமாக இருக்கிறது. உங்களை உள்ளே போட்டுவிடுவார்களே என்றுதான் பயம். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். அதை எழுதி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். உங்கள் வாயால் வருவதுதான் சரி. படங்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. நான் தொட மாட்டேன். வக்கீல் கேட்டால் உடனே அனுப்புகிறேன்.

சொன்னதும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி போதும்.

தம்பி


ஜூன் 14

சின்னவனுக்கு,

அண்ணி நலம். எனக்கு முழங்கால் பழையபடிதான்.

வக்கீலைப் பார்க்க இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார்.

இருபத்தெட்டாம் தேதி லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். பின் வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே ஃபேன் சத்தம் அதிகம், பேசுகிறவர்களும் மெல்லப் பேசுகிறார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று ஏதோ சொன்னார், தலையை ஆட்டினார். நீதிபதி நெடுநேரம் படித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தங்கச்சி முன் வரிசையில் இருந்தாள். எனக்குக் கேட்டிருக்காது என்று அவளுக்குத் தெரியும். திரும்பி என்னைத் தேடிப் பிடித்து, மூன்று விரலைக் காட்டினாள்.

மூன்று வருஷம்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒருத்தனாவது வந்தியே அண்ணா" என்றாள். காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னதால் கேட்டது.

நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 25

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

எஞ்சின் தொகுப்பு இந்த மாதம் வெளியாகிவிட்டது. நாற்பத்தேழு இரண்டு மாடலாக வந்திருக்கிறது, விபத்துக்கு முன், விபத்துக்குப் பின் என்று. முன்னதில் நாலும் சதுரம். பின்னதில் முன் இடது வட்டம். முதலாளி போட்டார், நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன காரணம் சொல்வது? முதல் வாரத்திலேயே பாராட்டு குவிந்தது. ஒருவர் அந்த மூடியை வட்டம் போட்டுக் காட்டி, இவ்வளவு நுணுக்கமாக எவன் செய்வான் என்று எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கான பேர் அந்த இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டார்கள். மோதின எஞ்சினில் அடிபடாத பெட்டி எப்படி மாறியது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்டேன், உங்களிடம் மட்டும். இருபத்தெட்டாம் தேதி காலை வரை வக்கீலுக்கு ஒரு கவர் அனுப்ப எனக்கு நேரம் இருந்தது. முகவரி எழுதி ஒட்டிக்கூட வைத்திருந்தேன். அண்ணன் சொல்லியிருப்பார், நான் ஏன் நடுவில் விழ வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தேன். அனுப்பினால் அண்ணன் போய்விடுவார், அனுப்பாவிட்டால் அத்தான்தானே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்பை என்னால் கழுவ முடியவில்லை.

மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஜூலை பத்துவரை பார்க்கிறேன். அதற்குள் அக்காவிடமாவது சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் என்னால் இதை வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். ஒரு பையை என் மேஜை மேல் வைத்தார். உள்ளே நீ எழுதிய ஆறு கடிதம். "எனக்குச் சொல்ல வரல, படிச்சுக்கோ" என்றார். நான் படித்து முடிக்கிறவரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உனக்கு எழுதியது என்னிடம் இல்லை. வேண்டியதில்லை, உன் பதிலிலேயே எல்லாம் தெரிந்தது.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனேன். முழுவதையும் தன் கையால் எழுதிக் கொடுத்தார். ஃபோர்மேன் பெயரையும் எழுதினார். பேனா எங்கேயும் நிற்கவில்லை. திங்கள்கிழமை போலீஸ்காரர்கள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி என்னோடு இருக்கிறார்.

ஆனால் சொந்த மச்சினன் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் வக்கீல். வீட்டு ஆளைக் காப்பாற்றக் கிழவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்றுதான் எதிர்த் தரப்பு சொல்லுமாம். உன் படங்கள் வேண்டும். தேதியோடு, எடுத்தவர் பெயரோடு, மூன்றும்.

நேற்று ஜெயிலுக்குப் போய் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "இடது பக்கம் விழல. நான் சொன்னேன்ல" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார். அந்தச் செத்துப்போன மனுஷன் மனைவியிடம் யாராவது போய்ச் சொல்லச் சொன்னார். நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் செய்தது எனக்குப் புரிகிறது. தப்புச் செய்தார், பயந்தார், ஒளிந்தார். தப்புச் செய்தவன் ஒளிவான். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஏப்ரல் மாதம் நான் போனில் அழுதபோது நீ தைரியமாக இரு அக்கா என்றாய். அப்போது அந்தப் படம் உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கோர்ட்டில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொன்ன நேரத்திலும் அது உன் இழுப்பறையில் இருந்தது. நீயும் அண்ணனும் ஆறு மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டீர்கள். முழங்கால் வலியைக்கூட விசாரித்துக்கொண்டீர்கள். அவருக்குத் தவணை கொடுத்தாய், நீட்டினாய், மறுபடியும் கொடுத்தாய். அந்த நாளெல்லாம் யாருடைய நாள் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

வக்கீல் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அனுப்பு. பத்தாம் தேதிவரை காத்திருக்காதே.

கவரில் படங்கள் மட்டும் இருக்கட்டும். கடிதம் எதுவும் வைக்காதே.